மஞ்சள் சுவர்: கார்டில் சோகையாகத் தெரியும் ஷேடையே எடுங்கள்

பெயின்ட் கடையில் ஷேடு கார்டை விரித்ததும் மஞ்சள் பக்கத்தில் கண் போய் நிற்கும் இடம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான்: பழுத்த மாம்பழ நிறத்தில் பளிச்சென்று இருக்கும் அந்தக் கட்டம். அதை வாங்கி வந்து 10க்கு 12 அறையின் நாலு சுவரிலும் அடித்தால், மூன்றாம் நாள் பள்ளிக்கூட வேனுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பெயின்டர் மேலோ கடைக்காரர் மேலோ தப்பில்லை. கார்டில் பார்த்த அதே நிறம்தான் டப்பாவிலும் வந்திருக்கிறது. அறைக்குள் போனதும் அது வேறாகிவிட்டது.

காரணம் எளிமையானது. மஞ்சள் சுவர் வெளிச்சத்தில் இருக்கும் நீலப் பகுதியை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பிய வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழும்போது அங்கேயும் கொஞ்சம் நீலம் போகிறது. நாலு சுவருக்குள் வெளிச்சம் இப்படிப் பலமுறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் மஞ்சள் கூடும். வெளிர் சாம்பலுக்கும் அரை வெள்ளைக்கும் இது பெரிய தொல்லையில்லை. மஞ்சள், நீலம் தவிர மற்ற வெளிச்சத்தை நிறையவே திருப்பி அனுப்பும் நிறம் என்பதால் இங்கே விளைவு அதிகம். அறை சின்னதாக இருந்தால், சுவர்கள் நெருக்கமாக இருந்தால், இன்னும் அதிகம். சுவர் மூலைகளில் மட்டும் ஆரஞ்சு கலந்தது போலத் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே பிடித்த கட்டத்தை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அதே பட்டையில் இரண்டு கட்டம் வெளிர் பக்கம் போங்கள். அங்கிருந்து, பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் மண் கலந்தது போல, சோகையாக இருக்கும் பக்கத்துக் கட்டத்தை எடுங்கள். கடையில் நிற்கும்போது ‘இது மஞ்சளே இல்லையே’ என்று தோன்றும். தோன்றட்டும். பெரும்பாலான ஷேடு புத்தகங்களில் கட்டத்தின் பக்கத்திலோ பின்புறத்திலோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். அந்த நிறம் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. நடுத்தர ஹாலுக்கு 65 முதல் 75 வரை சரியாக வரும். 80ஐத் தாண்டினால் பகல் வெளிச்சத்தில் அது வெறும் கிரீம். மஞ்சள் அடித்த காசு கண்ணுக்குத் தெரியாது. 55க்குக் கீழே போவதென்றால் ஒரே ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புதுச்சேரியின் வெள்ளை நகரத் தெருக்களில் பார்த்த மஞ்சளைப் போட்டோ எடுத்து வந்து அதுவே ஹாலுக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது வெளிச்சுவர் மஞ்சள். நேர் வெயிலும் திறந்த வானமும் அதன் காரத்தை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, கழுவிவிடுகின்றன. பக்கத்திலேயே வெள்ளைப் பட்டை வேறு. கூரைக்குள் வரும்போது அதே தோற்றம் கிடைக்க, அதைவிடப் பாதிக் காரமுள்ள ஷேடு போதும்.

எந்த மஞ்சள்

மஞ்சளில் இரண்டு சாய்மானம் உண்டு. ஒன்று எலுமிச்சைப் பக்கம், அதாவது பச்சையை நோக்கி. இன்னொன்று சந்தனம், மாம்பழம், மஞ்சள் காவிப் பக்கம், அதாவது சிவப்பை நோக்கி. வீட்டுக்குள் இதமாக இருப்பது இரண்டாவது வகை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒரு வெள்ளை ஏ4 தாளின் மேல் இரண்டு மூன்று கட்டங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பச்சை பேசும் கட்டம் உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. கடைக்குப் போகிறவர்கள் இதை அநேகமாகக் கேட்பதில்லை. டின்டிங் மெஷினில் கலக்கும்போது எந்தச் சாயம் எத்தனை மில்லி போகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் வரும்; சில கடைகளில் டப்பா மேல் ஒட்டும் ஸ்டிக்கரிலும் வரும். மஞ்சள் ஆக்ஸைடும் கொஞ்சம் சிவப்பு ஆக்ஸைடும் சேர்ந்து வந்தால் நல்லது. பளிச்சென்ற மஞ்சள் சாயத்தைக் கறுப்பு போட்டு அடக்கியிருந்தால் யோசியுங்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் கண்ணுக்குப் பாசிப்பச்சையாகத் தெரியும். கடை வெளிச்சத்தில் தெரியாத அந்தப் பச்சை, பீரோவுக்குப் பின்னாலும் வெளிச்சம் எட்டாத மூலையிலும் வந்து நிற்கும்.

இந்த இரண்டு வகைச் சாயத்துக்கும் நடத்தையிலும் வித்தியாசம் உண்டு. ஆக்ஸைடு மஞ்சள் என்பது இரும்பின் சேர்மம். மஞ்சள் காவி மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதே வகைப் பொருள்தான். வெயிலுக்கு வெளுக்காது, சுண்ணாம்பு, சிமென்டின் காரத்தன்மைக்கு (அல்கலி) அசையாது, கீழே இருப்பதை நன்றாக மூடும். ஆனால் பளபளக்காது. பளிச்சென்ற மஞ்சள்கள் பெரும்பாலும் கரிமச் சாயங்கள். நிறம் அழகு, மூடும் திறன் குறைவு. அவற்றில் பல நேர் வெயிலில் வெளுக்கும். மேற்கு ஜன்னல் வெயில் விழும் சுவரில் மாட்டிய காலண்டரைச் சில வருஷம் கழித்துக் கழற்றினால், அதன் பின்னால் மட்டும் பழைய நிறம் சதுரமாக நிற்பது இதனால்தான்.

அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களில் மஞ்சள் காவி நிலைத்ததற்கும் அந்த உறுதிதான் காரணம். சமையல் மஞ்சளைச் சுண்ணாம்பில் கரைத்தால் ஆரத்தி நீராகச் சிவந்துவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காவி மண் அப்படியே நிற்கும். இன்றும் எமல்ஷன் ஏறாத பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால், நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து மெல்லிசாக மூன்று நாலு கோட் அடிப்பது எந்த டப்பா மஞ்சளையும்விட இதமாக வரும். என் ஓட்டு அதற்கே. காவியின் அளவு சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; தாண்டினால் சாய்ந்து உட்காருகிறவர் சட்டையில் மஞ்சள் ஒட்டும். ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்ததும் வெகுவாக வெளுத்துவிடும் என்பதால் ஒரு சின்ன இடத்தில் அடித்து, முழுக்கக் காயவிட்டுப் பார்த்த பிறகே கலவையை முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் இதைச் செய்யாதீர்கள், பிடிக்காது, உரியும்.

வெளிச்சம்

வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சியானது, அதற்கு மஞ்சள் அடித்துச் சூடு ஏற்றுங்கள் என்பது இணையத்தில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் அறிவுரை. அது லண்டனுக்குப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம். அதாவது வருஷத்தின் மிக வெக்கையான மாதங்களில் வடக்கு ஜன்னலும் வெயில் பார்க்கும். நம் ஊரில் வடக்கு அறைக்கு மஞ்சள் ஒத்துவரும்தான், ஆனால் வெளிர் மஞ்சள்.

மேற்கு அறையில் மாலை நாலரை மணிக்கு மேல் வரும் வெயிலே ஆரஞ்சு. அங்கே சிவப்புப் பக்கம் சாய்ந்த மஞ்சள் அடித்தால் மாலை முழுக்கச் சுவர் எரிவது போல இருக்கும்; மேற்கு அறைக்கு ஐவரிக்கு நெருக்கமான மஞ்சள் போதும். கிழக்கு அறைதான் மஞ்சளுக்கு மிகத் தோதானது. காலை வெயிலில் நன்றாக விழிக்கும். மதியத்துக்கு மேல் தானாக அடங்கும். நாலாபக்கமும் வீடுகள் நெருங்கி, வெளிச்சம் சந்து வழியாக மட்டும் வரும் அறைகளில் ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேப்பமரமோ தென்னையோ நெருங்கி நின்றால் உள்ளே வரும் வெளிச்சமே பச்சை. பக்கத்து வீட்டுச் சுவர் நீலமாக இருந்தாலும் அதே கதை. இப்படிப்பட்ட அறையில் எலுமிச்சைச் சாயல் துளியும் வேண்டாம்.

இரவு விளக்கு பகலைவிட அதிகமாகக் கெடுக்கும். 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பு நீலம் தூக்கலாக உள்ளது. அதன் கீழே இதமான மஞ்சள், சாயம் போன பச்சையாகத் தெரியும். பெயின்டை மாற்றச் சொல்வதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள். இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும். வெளிர் மஞ்சள் சுவருக்கு 3000 கெல்வின் நன்றாக வரும். கொஞ்சம் காரமான மஞ்சளுக்கு 4000 எடுங்கள், இல்லையென்றால் ஆரஞ்சுக்குப் போய்விடும். ஒரே அறையில் டியூப் லைட் 6500, மூலை விளக்கு 3000 என்று கலந்து போட்டால் ஒரே சுவர் இரண்டு பெயின்ட் அடித்தது போல இருக்கும். பல்பு பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்குத் தரும் மதிப்பு) 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் விலை கொடுக்கத் தகும்.

ஒரு இடத்தில் மட்டும் மஞ்சளே வேண்டாம் என்பேன்: கண்ணாடி முன் நின்று புடவை கட்டும், முகம் பார்க்கும் அறை. சுவரின் மஞ்சள் முகத்தில் விழும். நீலப் புடவை மங்கும், அதற்கேற்ற ஜாக்கெட்டை அங்கே நின்று தேர்ந்தெடுக்க முடியாது.

சாம்பிள் பார்ப்பதைச் சுவரில் நேராகச் செய்ய வேண்டாம். பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து கண்ணை ஏமாற்றும். வெள்ளைச் சார்ட் அட்டையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கருக்கும். காலை, உச்சி, மாலை, விளக்கு போட்ட பிறகு என்று நாலு வேளையும் அட்டையை வெவ்வேறு சுவரில் சாய்த்து வையுங்கள். இரண்டு அட்டை செய்து மூலையில் எதிரெதிராகச் சாய்த்தால் முன்னே சொன்ன துள்ளல் விளைவும் தெரிந்துவிடும்.

தரை, கதவு, கூரை

மஞ்சளுக்கு மிக நல்ல துணை சிவப்பு ஆக்ஸைடு தரை. ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. பூவேலையில் நிறங்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால் சுவரை வெளிர் மஞ்சளோடு நிறுத்துங்கள். கறுப்புக் கடப்பாக்கல் தரைக்குக் காரமான மஞ்சளும் தாங்கும். சிக்கல் வருவது ஐவரி, கிரீம் விட்ரிஃபைடு டைல் போட்ட வீடுகளில். அடுக்குமாடி வீடுகளில் இதுதான் அதிகம். வெளிர் மஞ்சள் சுவரும் கிரீம் தரையும் சேர்ந்தால் எது சுவர் எது தரை என்று பிரியாமல் எல்லாம் ஒரே கஞ்சித் தண்ணீராகிவிடும். அங்கே சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும்: அடர்ந்த பழுப்பு ஸ்கர்ட்டிங் டைல், அல்லது அடர் நிறத்தில் பெரிய ஜமக்காளம்.

தேக்குக் கதவுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்தால் ஆரஞ்சு ஏறும். மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் அது இன்னும் தூக்கலாகும். மேட், அதாவது பளபளப்பில்லாத, பூச்சு கொடுத்தால் அடங்கும். மஞ்சள் அறையில் எங்காவது கொஞ்சம் நீலம் அல்லது கரும்பச்சை இருப்பது கண்ணுக்கு ஓய்வு. ஓவியர் கிளாட் மோனே ஃபிரான்சில் ஜிவெர்னி ஊரிலிருந்த தன் சாப்பாட்டு அறையைச் சுவர், மேஜை நாற்காலி எல்லாம் சேர்த்து இரண்டு மஞ்சளில் அடித்திருந்தார், ஆனால் அடுத்த கட்டான அடுக்களையில் நீல ஓடுகள். அவ்வளவு மஞ்சளை அந்த நாட்டு மந்தமான வெளிச்சம் தாங்கும். இங்கே ஒரு நீலத் தலையணை உறையும் வெளிர் சுவரும் போதும்.

கூரைக்குப் பெயின்டர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் வெள்ளை, நீலம் கலந்த பளீர் வெள்ளை. மஞ்சள் சுவருக்கு மேலே அது சுவரை அழுக்காகக் காட்டும். சுவரின் அதே ஷேடை பத்துப் பங்கு வெள்ளையோடு ஒரு பங்கு கலந்து கூரைக்கு அடித்தால் பார்ப்பவருக்கு வெள்ளையாகவே இருக்கும், உறுத்தாது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

சுவரில் ஏற்றுவது

புதுச் சுவரானால் அவசரம் கூடாது. பூச்சு வேலை முடிந்து தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகு, குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மூன்று மாதம் காயட்டும். சிமென்டின் காரமும் ஈரமும் சேர்ந்து இருக்கும்போது கரிம மஞ்சள் அடித்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும். மற்ற நிறங்களைவிட மஞ்சளில் இது சீக்கிரம் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஓதம் ஏறும் சுவரில் உப்பு பூத்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். மேலே என்ன பூசினாலும் உப்பு தள்ளிவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 10க்கு 12 அறை, 10 அடி உயரம்: சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. ஒரு கதவு 21, இரண்டு ஜன்னல் 32 கழித்தால் சுமார் 390. சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 சதுர அடி வரும். 40 கிலோ மூட்டை ஒன்று போதும். ஒரு கிலோவுக்கு 360 முதல் 380 மில்லி தண்ணீர், கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கெட்டியானதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பட்டி பின்னால் மாவாக உதிரும். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. தேய்த்த தூசியைத் துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்தால் தூசியோடு சேர்ந்து உரியும். பிரைமருக்கு முன் இரவில் ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பளபளப்பு அதிகமான எமல்ஷன் அந்த மேடு பள்ளத்தைப் பெரிதாக்கும், ஆகவே ஹாலுக்கு மேட் அல்லது மெல்லிய பளபளப்போடு நிறுத்துங்கள். கழுவக்கூடிய வகை அடுக்களைக்கு. தாளிப்புத் தெறிப்பும் மஞ்சள்தூள் கறையும் மஞ்சள் சுவரில் அவ்வளவாகத் தெரியாது என்பது இந்த நிறத்தின் உபரி லாபம்.

தண்ணீர் பிரைமர் ஒரு கோட், 4 லிட்டர். அதற்கு மேல்தான் மஞ்சளின் உண்மையான தொல்லை ஆரம்பம். காரமான மஞ்சள்கள் வெள்ளை மிகக் குறைவாக உள்ள பேஸில் (சாயம் சேர்ப்பதற்கு முந்தைய மூல பெயின்ட்) கலக்கப்படுகின்றன. அந்த பேஸுக்குத் தானாக மூடும் வலு இல்லை. இரண்டு கோட் அடித்தும் ரோலர் தடம், பட்டி ஒட்டுப்போட்ட இடம், பழைய நிறம் எல்லாம் தெரியும். கீழே நீல டிஸ்டெம்பர் இருந்தால் மஞ்சள் பச்சையாகவே முடியும். (டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுக்காமல் எமல்ஷன் அடிக்கவே கூடாது, அது தனி வம்பு.) இதற்கு விலை உயர்ந்த மஞ்சளை நாலு கோட் அடிப்பது தீர்வில்லை. அதே பட்டையில் இரண்டு கட்டம் வெளிர் ஷேடை, வெள்ளை பேஸில், விலை குறைந்த எமல்ஷனில் கலந்து வாங்கி அடிக்கோட்டாக ஒன்று அடியுங்கள். பேஸில் உள்ள வெள்ளை கீழே இருப்பதை மூடும், நிறமும் ஒத்துப்போகும். அதற்கு மேல் இரண்டு கோட் போதும்.

நல்ல பட்டிச் சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி என்று வைத்தால் இந்த அறைக்கு 4 லிட்டர் மேல்கோட், அடிக்கோட்டுக்கு 2 லிட்டர். டப்பாவில் அச்சிட்ட கணக்கு இதைவிடத் தாராளமாக இருக்கும். நம்பிக் குறைவாக வாங்க வேண்டாம். ஒன்றுக்கு மேல் டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய வாளியில் கொட்டிக் கலந்த பிறகே தொடங்குங்கள். மெஷின் கலந்ததிலும் டப்பாவுக்கு டப்பா ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கும். ஸ்டெயினர் (சாயம்) பாட்டிலை வைத்துக் கண் மதிப்பில் கலந்த மஞ்சளை மறுபடி எடுக்கவே முடியாது. கையால் கலப்பதென்றால் முழு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டும்.

தண்ணீர் கலப்பதில் கண் வையுங்கள். டப்பாவில் 40 சதவீதம் என்றிருந்தால் லிட்டருக்கு 400 மில்லி, அவ்வளவுதான். மஞ்சளில் கூடுதலாக ஊற்றிய தண்ணீர் அப்படியே மூடாத திட்டாகத் தெரியும். ஓரங்களைப் பிரஷால் வெட்டி, அதாவது ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை அடித்து, அதைக் காயவிட்டு, பிறகு நடுவை ரோலரால் நிரப்பினால் போட்டோவுக்குச் சட்டம் போட்டதுபோல ஓரம் கருத்து நிற்கும். ஒரு சுவரின் ஓரத்தை வெட்டியவுடனே அந்தச் சுவரை முடிக்க வேண்டும். ஆள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிரஷ், ஒருவர் ரோலர். சித்திரை வெயிலில் விசிறி ஓடினால் ஈர ஓரம் காய்ந்து கோடு விழும்: விசிறியை நிறுத்தி, காலையில் தொடங்குங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு மணி நேரம், காற்றில் ஈரம் அதிகமானால் இன்னும் கூடுதல். டீ குடிக்கப் போவது சுவர் மூலைக்கு வந்த பிறகு, நடுச்சுவரில் இல்லை.

பழைய வீட்டில் கதவு, ஜன்னல், கிரில்லில் மஞ்சள் எனாமல் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பளிச் மஞ்சள் எனாமல்களில் ஈயம் கலந்த குரோம் மஞ்சள் சாயம் சாதாரணம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தீயால் சுட்டு உரிக்காதீர்கள். தண்ணீர் நனைத்துத் தேய்த்து, கழிவை ஈரத் துணியால் கூட்டி மூட்டை கட்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைக்கும்வரை அந்தப் பக்கம் வரக் கூடாது.

வேலை முடிந்ததும் அரை லிட்டராவது மிச்சம் வையுங்கள், தண்ணீர் கலக்காததாக. பெரிய டப்பாவில் அடியில் கிடந்தால் தோல் கட்டும்; வாய்வரை நிரம்பும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, ஷேடு எண், பேஸ், தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கலவை ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஆணி பிடுங்கிய ஓட்டையை ஒரு வருஷம் கழித்து அந்த மிச்சத்தால் தொட்டால் மஞ்சளில் ஒட்டு தெரியத்தான் செய்யும். சுற்றியுள்ள சுவர் அதற்குள் கொஞ்சம் மாறியிருக்கும். சின்ன ஓட்டையென்றால் பட்டி அடைத்து, நுனி பிரஷால் ஓட்டை அளவுக்கு மட்டும் தொட்டு விட்டுவிடுங்கள். கையகலத்துக்கு மேல் என்றால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட் அடிக்க வேண்டியதுதான்.